இரண்டு விரல் குறைவு

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்
5 ஏப்ரல் 1934

சேசு மரி சூசை

அன்புள்ள தம்பி இருதயத்துக்கு,

அத்தான் அம்புரோஸ் எழுதுவது. எழுதத் தொடங்கினால் நான் வழி தவறிவிடுவேன் என்று உனக்குத் தெரியும். அதனால் சொல்ல வேண்டியதை முதலில் எண் போட்டு வைத்துவிடுகிறேன்.

1. வரும் மே மாதம் பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை, உன் அக்காவுக்கும் எனக்கும் கல்யாணம் நடந்து இருபத்தைந்து ஆண்டு நிறைகிறது.
2. அன்று மாலை, சாமியார் கொடுத்த பிரெஞ்சு ஒயினைத் திறக்கப் போகிறேன்.
3. அந்த பாட்டிலில் நீ குடித்தது பழைய கதை. நீ ஒப்புக்கொண்டாய், நான் மன்னித்துவிட்டேன். சாப்பாட்டு மேசையில் அதைப் பற்றி ஒரு சொல்லும் வராது.
4. நீயும் பிலோமினாவும் சாப்பிட வர வேண்டும்.
5. வர முடியாவிட்டாலும் பதில் எழுத வேண்டும்.

இனி ஒவ்வொன்றாக.

முதலாவதைப் பற்றி அதிகம் இல்லை. மகதலேனா இருந்திருந்தால் கோயிலில் ஒரு பூசை, வீட்டில் ஒரு விருந்து என்று அவளே எல்லாம் முடிவு செய்திருப்பாள். அவள் போய் இரண்டரை வருஷம் ஆகிறது. இப்போது முடிவு செய்ய நான் ஒருவன்தான். செய்த முடிவு சரிதானா என்று கேட்கவும் ஆள் இல்லை.

இரண்டாவது. உனக்குத் தெரிந்ததுதான்; ஆனாலும் வரிசை தப்பக்கூடாது. எங்களுக்குத் தாலி மந்திரித்த பிரெஞ்சு சாமியாருக்குச் சொந்த ஊர் போர்தோ பக்கம். அவருடைய தகப்பனாரின் திராட்சைத் தோட்டத்தில் 1899ஆம் வருஷம் செய்த சிவப்பு ஒயின் அது. கல்யாணத்தன்று பாட்டிலை என் கையில் கொடுத்து, "இது மெதுவாகத்தான் பழுக்கும், அம்புரோஸ், உன்னைப் போல. வெள்ளி விழா அன்று திற" என்றார். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கோயில் வாசலில் எல்லோரும் சிரித்தார்கள். உன் அக்காதான் முதலில் சிரித்தாள்.

மூன்றாவதையும் வரிசைக்காக எழுதிவிடுகிறேன். ரயில்வே சரக்குக் கொட்டகையில் கணக்கு எழுதும் கிராணியாக வேலை பார்த்தவனுக்கு எதையும் அடையாளம் போடாமல் உள்ளே வைக்க வராது. தபால்தலைத் தாளின் ஓரத்தில் மிச்சமாகும் பசைக் காகிதத்தைக் கிழித்து, பாட்டிலின் கழுத்தில் ஒயின் எதுவரை நிற்கிறதோ அதுவரை ஒட்டினேன். துணி சுற்றி அலமாரியின் அடித்தட்டில் படுக்க வைத்தேன். பதினாறு வருஷம் கழித்து, 1925 கிறிஸ்மஸுக்கு முந்தைய நாள் எடுத்து நிறுத்திப் பார்த்தபோது, ஒயின் அந்தக் காகிதத்துக்கு இரண்டு விரல் கீழே நின்றது. மூடியின் மேலிருந்த ஈயத் தகடு ஓரத்தில் கிழிந்திருந்தது. கழுத்தில் பிசுபிசுப்பு. வீட்டில் இருந்தது மூன்று பேர். அந்த வாரம் இரண்டு நாள் நீ கள்ளுக்கடையிலிருந்து வந்தாய். வேறு என்ன நினைக்க முடியும்?

நான் கேட்டபோது நீ இல்லை என்றாய். தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அன்றே கிள்ளானுக்குப் போனாய். ஆறு வருஷம் கழித்து உன் அக்கா படுக்கையில் கிடந்தபோது உண்மையை எழுதினாய். அந்த நிமிஷமே உனக்குத் தந்தி கொடுத்தேனா இல்லையா? ஆகவே அது முடிந்தது.

நான்காவதுதான் முக்கியம். என்னிடம் மூன்று கிளாஸ் இருக்கின்றன.

அன்புடன்,
அம்புரோஸ்


கிள்ளான்
14 ஏப்ரல் 1934

அத்தானுக்கு,

எண் போட்ட விருந்து அழைப்பை என் முப்பத்தைந்து வயதில் இப்போதுதான் பார்க்கிறேன். பிலோமினாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். மீன் ஆய்ந்துகொண்டே கேட்டாள். "என்னங்க, உங்க அத்தான் நம்மளச் சாப்பிடக் கூப்பிடுறாரா, இல்ல குட்ஸ் ஷெட்டுக்கு ஆள் எடுக்கிறாரா?" என்றாள். நான் சிரித்தேன். மூன்றாவது எண் வந்ததும் அவள் கத்தியை வைத்துவிட்டாள்.

உங்கள் வழியிலேயே பதில் சொல்கிறேன்.

ஒன்று: எனக்கும் நினைவிருக்கிறது. கல்யாணத்தன்று எனக்குப் பத்து வயது. புதுச் செருப்பு கடித்தது.

இரண்டு: திறங்கள். நன்றாக இருக்கட்டும்.

நான்கு: வரமாட்டோம்.

ஐந்து: எழுதிவிட்டேன்.

மூன்றை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அத்தான், நீங்கள் என்னைத் திருடன் என்று சொன்னபோதுகூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை. கோபத்தில் சொன்னீர்கள், நானும் கோபத்தில் போனேன், சரி. ஆனால் இந்த மன்னிப்பு இருக்கிறதே, அதை இரண்டரை வருஷமாகக் கடிதத்துக்குக் கடிதம் அனுப்புகிறீர்கள். கிறிஸ்மஸுக்கு எழுதினீர்கள், அதில் மன்னிப்பு. உயிர்த்த பாஸ்குத் திருநாளுக்கு எழுதினீர்கள், அதிலும் மன்னிப்பு. நான் பதில் போடாததற்குக் காரணம் அதுதான். மன்னித்தவர் வீட்டு மேசையில் உட்கார்ந்தால் சோறு தொண்டையில் இறங்காது.

நீங்கள் அந்தக் கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றபோது, அக்கா அடுப்படியிலிருந்து என்ன சொன்னாள் என்று நினைவிருக்கிறதா? உங்கள் வரிசையில் அதைக் காணோம். "ஏங்க, என் தம்பி குடிச்சிருந்தா ரெண்டு விரலா குறையும்? பாட்டிலே மிஞ்சியிருக்காதே!" என்றாள். அவள் ஒருத்திதான் என்னைச் சரியாகத் தெரிந்து வைத்திருந்தாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு உடம்பு மோசம் என்று பிலோமினாவுக்குத் தெரிந்து, நான் வரலாமா என்று கேட்டு எழுதினாள். "செய்ததை ஒப்புக்கொண்டு எழுதட்டும், பிறகு வரட்டும்" என்று பதில் போட்டீர்கள். அந்தக் கடிதத்தை எழுத எனக்கு ஒன்பது நாள் ஆனது. உண்மையைச் சொல்ல ஒருவனுக்கு ஒன்பது நாள் எதற்கு என்று நீங்கள் யோசித்ததே இல்லையா?

பிலோமினா நலம். காப்பாரில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்வந்தோம். துறைமுகத்தில் எனக்கு வேலை அதிகம்.

இருதயம்


பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்
22 ஏப்ரல் 1934

சேசு மரி சூசை

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். நான் மன்னித்தது போதாதா, அல்லது மன்னித்ததைச் சொன்னது அதிகமாகிவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு விஷயத்தைச் சரியாகச் செய்துவிட்டு, அதைச் சொல்வதில் கெடுத்துவிடுகிறவன் நான். உன் அக்கா அப்படித்தான் சொல்வாள். ஒன்பது நாளைப் பற்றி நீ கேட்டிருக்கிறாய். வெட்கத்தினால் தாமதித்தாய் என்றுதான் இன்று வரை நினைத்திருந்தேன்.

நீ வரமாட்டாய் என்று தெரிந்தும் எழுதுகிறேன். இரண்டு காரணம்.

தெருக்கோடியில் ஆ செங் காப்பிக் கடை வைத்திருக்கிறானே, அந்த ஹைனான் சீனன், வெள்ளைக்காரர் கிளப் ஒன்றின் மதுக்கூடத்தில் இருபது வருஷம் வேலை பார்த்தவனாம். எனக்குப் போன வாரம்தான் தெரியும். இத்தனை வருஷம் அவனிடம் காப்பியைத் தவிர வேறு எதையும் கேட்டதில்லை. பாட்டிலைத் திறக்க என்ன செய்ய வேண்டும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "எத்தன வயசு?" என்றான். அறுபத்துமூன்று என்றேன். "உன் வயசு இல்ல கிராணி, பாட்டில் வயசு!" என்று கடையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தான்.

முப்பத்தைந்து என்று சொன்னதும் அவன் சிரிப்பு நின்றது. மூன்று வாரத்துக்கு முன்பே நிமிர்த்தி வை, வண்டல் அடியில் இறங்க வேண்டும், யாரும் ஆட்டக்கூடாது என்றான். கறியில் மிளகாய் கூடாது, புளியும் கூடாது என்றான். திறப்பதற்கு அவனே வருகிறேன் என்றான்.

அதன்படி நேற்று பாட்டிலை எடுத்து மேசை மேல் நிறுத்தினேன். இங்கேதான் எனக்கு ஒரு குழப்பம். யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். 1925இல் காகிதத்துக்கும் ஒயினுக்கும் நடுவே இரண்டு விரல் இருந்தது. நேற்று அளந்தால் மூன்று விரல் இருக்கிறது. அலமாரிச் சாவி அன்றிலிருந்து என் இடுப்பில்தான். குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை. மூன்று முறை அளந்து பார்த்தேன். வயதாகி என் விரல் மெலிந்திருக்கிறது. அதனால்தான் மூன்றாகத் தெரிகிறது என்று ஒரு முடிவுக்கு வந்தேன். ஆனால் அது நல்ல முடிவாகத் தோன்றவில்லை.

இரண்டாவது காரணம் இஷ்டூ. மிளகாய் இல்லாத கறி என்றதும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. கிறிஸ்மஸ் காலையில் மகதலேனா செய்யும் ஆட்டிறைச்சி இஷ்டூ, தேங்காய்ப்பால் விட்டு, மிளகு தட்டிப் போட்டு. எப்படிச் செய்வாள் என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அடுப்படிக்குள் போனால், "கணக்குப் புள்ளைக்கு இங்க என்ன வேலை?" என்று விரட்டுவாள். பிலோமினாவுக்கு அவள் சொல்லிக் கொடுத்தது எனக்குத் தெரியும். உங்கள் கல்யாணத்துக்கு நான் வராதபோது அவள் மட்டும் ரயிலேறி வந்தாளே, அப்போது. பிலோமினாவிடம் கேட்டு எழுதி அனுப்புவாயா?

இப்போதெல்லாம் சாப்பாடு கடையிலிருந்துதான். உன் அக்காவின் நாலடுக்குத் தூக்கில் ஓர் அடுக்கை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு போகிறேன். மற்ற மூன்றும் அலமாரியின் மேல் இருக்கின்றன. தினமும் துடைத்து வைக்கிறேன். பணிமனைச் சங்கு ஊதும்போது இன்னும் எழுந்து சட்டை மாட்டிக்கொள்கிறேன்.

அம்புரோஸ்


கிள்ளான்
5 மே 1934

அத்தானுக்கு,

இஷ்டூவைப் பிலோமினா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். அவள் சொன்னபடியே இருக்கிறது. மாற்றினால் திட்டுவாள்.

"ஆட்டுல தொடைக்கறி வாங்கச் சொல்லுங்க. பாசார்ல காலையிலேயே போகணும், ஏழு மணிக்குப் போனா எலும்புதான் கிடைக்கும். பட்டை ஒரு துண்டு, கிராம்பு நாலு, ஏலக்காய் ரெண்டு. எண்ணெயில போட்டு வாசம் வந்ததும் வெங்காயம், இஞ்சி. வெங்காயம் சிவக்கக் கூடாது, சொல்லிட்டேன். கறியைப் போட்டு ரெண்டாம் பால் விட்டு வேகணும். பாதி வெந்ததும் உருளைக்கிழங்கு. மிளகைத் தூளாக்காம ஒண்ணு ரெண்டாத் தட்டணும். கெட்டிப் பால் கடைசியில, விட்டதும் இறக்கிடணும். கொதிச்சாத் திரிஞ்சிரும். அண்ணி சொன்னது: இறக்கி வச்சிட்டு அரை மணி நேரம் தொறக்கக் கூடாது. உங்க அத்தான் அஞ்சு தடவை தொறந்து பாப்பாரு, வேணாம்னு எழுதுங்க."

எழுதிவிட்டேன்.

பன்னிரண்டாம் தேதி எனக்குத் துறைமுகத்தில் கப்பல் இருக்கிறது. ஆனால் அதுதான் காரணம் என்று எழுதமாட்டேன். கப்பல் இல்லாவிட்டாலும் வரமாட்டேன். கடிதத்தில் உங்களுக்குப் பொய் எழுதுவது ஒரு முறை போதும்.

கடைசியாக அந்த மூன்றாவது விரல். அதைப் பிலோமினாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். பிறகு பிலோமினாதான் கேட்டாள்: "ரெண்டு விரலை நீங்க குடிச்சீங்க, சரி. மூணாவது விரலை யாருங்க குடிச்சது?" நான் கிள்ளானில் இருந்தேன், அத்தான். எட்டு வருஷமும் இங்கேதான். சாட்சிக்குத் துறைமுகம் முழுக்க ஆள் இருக்கிறது. நீங்கள் குடிக்கவில்லை. அக்கா தொடமாட்டாள். உங்கள் விரல் மெலிந்தது என்று சொல்கிறீர்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் விரலையாவது மன்னித்து விட்டுவிடுங்கள்.

இஷ்டூவுக்கு உப்பைக் கடைசியில் போடவும். அது நான் சொல்வது.

இருதயம்


பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்
13 மே 1934

சேசு மரி சூசை

அன்புள்ள இருதயத்துக்கு,

இந்தக் கடிதத்துக்கு எண் போடவில்லை. போட்டுப் பார்த்தேன், நிற்கவில்லை.

நேற்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். காலைப் பூசை முடிந்து கல்லறைக்குப் போனேன். அங்கிருந்து பாசார். ஏழு மணிக்கு முன்பே போய்விட்டேன், தொடைக்கறி கிடைத்தது. வெங்காயம் சிவக்கவில்லை. பால் திரியவில்லை. இறக்கி வைத்தபின் இரண்டு முறைதான் திறந்து பார்த்தேன். பேக்கரி ரொட்டி ஒன்று வாங்கி வைத்தேன். மேசையில் மூன்று தட்டு, மூன்று கிளாஸ். நீங்கள் வரமாட்டீர்கள் என்று எழுதிய கடிதம் என் சட்டைப் பையில்தான் இருந்தது. இருந்தாலும் வைத்தேன். நாலரை மணிக்குக் கிள்ளான் வண்டி வந்தது. அது நின்ற சத்தம் கேட்டது, புறப்பட்ட சத்தமும் கேட்டது. பிறகு ஒரு கால் மணி நேரம் வாசலில் நின்றேன்.

ஆறு மணிக்கு ஆ செங் வந்தான். வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். கிளப்பில் போட்ட பழைய கோட்டாம், பொத்தான் பூட்டவில்லை. கத்தியால் ஈயத் தகட்டை வழித்து எடுத்தான். அடியில் தக்கையின் தலை கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்து, மண் போல இருந்தது. ஈரத்துணியால் துடைத்தான். துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தான்.

நான் கேட்க வேண்டும் என்று நினைத்திருக்கவில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. "ஆ செங், இத யாராவது முன்னாடி தொறந்திருக்காங்களா?"

"எவன் தொறந்தான்? இங்க பாரு கிராணி. தொறந்தா திருகி குத்தின ஓட்ட இருக்கும். இருக்கா?"

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஓட்டை இல்லை.

"ஈயம் கிழிஞ்சிருந்ததே?"

"ஈயம் தானா கிழியும். இங்க சூடு. ஒயின் பொங்கி, கொஞ்சம் ஒழுகி, ஈயத்தத் தின்னுரும்."

"ஒயின் குறைஞ்சிருக்கே. மூணு விரல்."

"முப்பத்தஞ்சு வருஷம் லா! தக்க குடிக்கும். கொஞ்சம் கொஞ்சமா, வருஷா வருஷம். கிளப்புல பழைய பாட்டில் எல்லாமே அப்படித்தான். மூணு விரல்தானா, உன் தக்க நல்ல தக்க."

இவ்வளவும் சொல்லிக்கொண்டே அவன் தக்கைத் திருகியை மெதுவாக இறக்கிக்கொண்டிருந்தான். பிறகு தானாகவே சிரித்தான். கிளப்புக்குப் புதிதாக வந்த துரை ஒருவன், ஒரு பாட்டிலில் ஒயின் குறைந்திருப்பதைப் பார்த்து, இவன்தான் குடித்தான் என்று சொன்னானாம்.

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"ஆமா துவான், நான்தான் குடிச்சேன், மன்னிச்சுக்கோன்னு சொன்னேன்."

"குடிக்கலயே நீ. ஏன் அப்படிச் சொன்ன?"

அவன் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். இத்தனை வயதான ஒருவனுக்கு இதுகூடத் தெரியாதா என்ற பார்வை. "வேல வேணுமே கிராணி. இல்லன்னு சொன்னா வெளிய போன்னுவான். ஆமான்னு சொன்னா உள்ள இருக்கலாம்."

தக்கை பாதியில் உடைந்தது. மீதியை அவன் பொறுமையாக எடுத்தான். இரண்டு துண்டையும் வாங்கிக் கைக்குட்டையில் வைத்துக்கொண்டேன்.

வண்டல் கலக்காமல் ஊற்ற, கழுத்துக்குப் பின்னால் ஒரு வெளிச்சம் வேண்டும் என்றான். வீட்டில் இருந்தது மந்திரித்த மெழுகுவத்தி ஒன்றுதான். உன் அக்காவின் தலைமாட்டில் ஏற்றியதில் மிஞ்சிய துண்டு. அதை ஏற்றிப் பிடித்தேன். தண்ணீர்க் கூஜாவில் ஊற்றிக்கொண்டே வந்தவன், கழுத்தில் கறுப்பு நூல் போல வண்டல் தெரிந்ததும் சட்டென்று நிமிர்த்திவிட்டான். நின்றபடியே ஒரு வாய் குடித்தான். கண்ணை மூடிக்கொண்டு, "நல்லா இருக்கு. ஆனா ரொம்பக் கிழவன். சீக்கிரம் குடி, காத்துப் பட்டா அரை மணி நேரம்தான் நிப்பான்" என்றான். உட்காரச் சொன்னேன். கடையில் ஆள் இல்லை என்று கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

மூன்று கிளாசிலும் ஊற்றினேன்.

அந்த ஒயின் எப்படி இருந்தது என்று உனக்கு எழுத வேண்டும். அது உனக்குச் சேர வேண்டியது. எனக்குப் பூசை ஒயினைத் தவிர வேறு ஒயின் தெரியாது. அதையும் வாசனையாகத்தான் தெரியும். ஆகையால் நான் சொல்வது தவறாக இருக்கலாம். நிறம் நடுவில் மாதுளைச் சாறு, ஓரத்தில் நம் ஊர்ச் சூளைச் செங்கல். முகர்ந்தால் முதலில் பூட்டிக் கிடந்த பெட்டியைத் திறந்த வாசனை. முதல் வாய் துவர்ப்பு, ஊறாத நெல்லியைக் கடித்தது போல. கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். பிறகு இஷ்டூவில் ஒரு துண்டு கறியைத் தின்றுவிட்டுக் குடித்தேன். துவர்ப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. நாவல்பழம் தெரிந்தது, மழை பெய்து விட்ட பின் வரும் மரத்தின் வாசனை தெரிந்தது. மிளகும் தேங்காய்ப்பாலும் அதோடு சண்டை போடவில்லை. விழுங்கி வெகுநேரம் கழித்தும் நாக்கின் அடியில் ஒரு சூடு இருந்தது. "இதுக்காகவா இருபத்தஞ்சு வருஷம் காவல் காத்தீங்க?" என்று மகதலேனா கேட்டிருப்பாள். கேட்டுவிட்டு இன்னொரு வாய் குடித்திருப்பாள்.

ஆ செங் சொன்னது போலவே அது நிற்கவில்லை. முக்கால் மணி நேரத்தில் நாவல்பழம் போனது. பிறகு வாசனை போனது. நான் என் கிளாசைத்தான் குடித்தேன். உன்னுடையதையும் பிலோமினாவுடையதையும் தொடவில்லை. அவை எதிரே இருந்தபடியே வெளிறிக்கொண்டு வந்தன. காலையில் முகர்ந்தேன், காடி வாசனை.

உன் கடிதத்தை அந்த மேசையிலேயே வைத்துப் படித்தேன். 1931 செப்டம்பரில் நீ எழுதியது. நான் அதைப் பத்திரமாக வைத்திருந்தேன், எனக்குச் சாதகமான ஆவணம் என்று. இரண்டே வரி. "ஒயினைக் குடித்தது நான்தான். அக்காவைப் பார்க்க விடுங்கள்." முதல் வரியை நான் பல முறை படித்திருக்கிறேன். இரண்டாவது வரியை நேற்றுதான் படித்தேன்.

அந்த ஒன்பது நாளும் உன் அக்கா தினமும் கேட்டாள். "இருதயம் வந்தானா?" என்பாள். எழுதியிருக்கிறேன், வருவான் என்பேன். என்ன எழுதினேன் என்று சொல்லவில்லை. நீ வந்து நான்கு நாள்தான் அவள் இருந்தாள். அதில் கடைசி இரண்டு நாள் யாரையும் தெரியவில்லை. ஆகவே உனக்குக் கிடைத்தது இரண்டு நாள். கிடைத்திருக்க வேண்டியது பதினொன்று. பாட்டிலில் குறைந்த இரண்டு விரலுக்கு அடையாளக் காகிதம் ஒட்டத் தெரிந்த எனக்கு, அவளிடமிருந்து நான் எடுத்த ஒன்பது நாள் கண்ணில் படவே இல்லை.

ஒன்றைக் கேட்க வேண்டும், கேட்கப் பயமாக இருக்கிறது. அந்த இரண்டு நாளில் அவளிடம் சொன்னாயா, நீ குடிக்கவில்லை என்று? சொல்லாவிட்டாலும் அவளுக்குத் தெரிந்திருக்கும். அடுப்படியிலிருந்து அவள் சொன்னது எனக்கு நினைவிருந்தது, தம்பி. தம்பி மேல் உள்ள பாசத்தில் பேசுகிறாள் என்று அதை வரிசையில் சேர்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு பெந்தெகோஸ்தே திருநாள். பூசை முடிந்ததும் காலை வண்டியில் கிள்ளானுக்கு வருகிறேன். உங்கள் வீட்டுக்கு நான் இதுவரை வந்ததில்லை. விலாசம் உறையில் எழுதி எழுதிப் பழக்கம், தெரு தெரியாது. விசாரித்துக்கொள்வேன். தக்கையின் இரண்டு துண்டையும் கைக்குட்டையில் முடிந்து எடுத்து வருகிறேன். தபாலில் அனுப்பினால் நசுங்கிவிடும். அதில் பழைய ஓட்டை இல்லை என்பதை நீயே பார்க்க வேண்டும். ஆ செங் திருகிய ஓட்டை ஒன்றுதான், அது புதுசு. நாலடுக்குத் தூக்கையும் முழுசாகக் கொண்டு வருகிறேன். பிலோமினாவுக்கு என் இஷ்டூ சரியா என்று தெரிய வேண்டும்.

கதவைத் திறப்பதும் திறக்காததும் உன் விருப்பம். திறக்காவிட்டால் தூக்கை வாசலில் வைத்துவிட்டுப் பகல் வண்டிக்குத் திரும்புவேன், வருத்தம் இல்லை என்று எழுத நினைத்தேன். வருத்தம் இருக்கும். கடிதத்தில் பொய் எழுதக்கூடாது என்று நீ சொன்னாய்.

ஏப்ரலில் நான் எழுதிய ஐந்து குறிப்பும் என் நகலில் அப்படியே இருக்கின்றன. இன்று அதை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். தேதி சரி. ஒயின் சரி. நீங்கள் வர வேண்டும் என்றது இன்னமும் சரி. பதில் கேட்டதும் சரி.

மூன்றாவது குறிப்பு தவறு, தம்பி. நீ குடிக்கவில்லை. மன்னிப்பு என்னிடம் இருந்ததே இல்லை. அது உன்னிடம்தான் இருக்கிறது.

அம்புரோஸ்